ஆறாம் நம்பர் ஷூவின் தடம்

உங்கள் வனத்துறைப் பயிற்சி மலருக்கு ஓர் அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, கரடி துரத்தியதையோ கோடையில் மூங்கில் காடு பற்றி எரிந்ததையோ எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கின்றன. இரண்டிலும் பயந்தேன். ஓடினேன், தப்பித்தேன், அவ்வளவுதான். அந்தப் பயத்தால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

யூனிஃபார்ம் போட்டுக்கொண்டிருக்கும்போது வருகிற இன்னொரு பயம் உண்டு. அதைப் பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் நான் ஓர் இளைஞனைத் துரத்திப் பிடிக்கச் சொன்னேன். அவன் பள்ளத்தில் விழுந்தான். அவன் குற்றம் செய்யவில்லை என்பது, உத்தரவு கொடுத்த அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் இத்தனை வருடம் வீட்டிலும் வெளியிலும் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்லப்போவதில்லை.

ஜவ்வாது மலையில் வனச்சரகராக இருந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. அந்த ஒரே மாதத்தில் மூன்று சந்தன மரங்களை வெட்டிவிட்டார்கள். மூன்றாவது மரம் தார்ச்சாலையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தது. மேலதிகாரி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "திங்கட்கிழமை காலையில மேல வர்றேன். வரும்போது ஒரு பேராவது எங்கிட்ட நீங்க சொல்லணும். இல்லன்னா உங்க பேரைத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். அது சனிக்கிழமை மதியம்.

அன்று மாலையே அடிமரத்தைப் பார்க்கப் போனேன். கூட வந்தவர் காளி. அதே மலைக்காரர், இருபது வருடமாக எங்களிடம் காவலராக இருப்பவர். படித்தது மூன்றாம் வகுப்பு. தடம் பார்ப்பதில் நாங்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். வெள்ளிக்கிழமை மாலை நல்ல மழை பெய்திருந்தது. வெட்டிய இடத்தில் கிடந்த மரத்தூள் மழையில் ஊறி, காய்ந்து, அப்பளம் மாதிரி படிந்திருந்தது. அதன் மேலே ஒரு ஷூத்தடம்.

காளி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், மரத்த வெட்னது மழைக்கு முன்னாடி. தூளு ஊறியிருக்கு பாருங்க. இந்தத் தடம் மழைக்கு அப்புறம் விழுந்தது. வெளிம்பு கத்தி மாதிரி கீது. மழை பட்டிருந்தா கரைஞ்சு போயிருக்கும்."

"யாரா இருக்கும்?"

"யாரோ வழில போனவங்க எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்காங்க. வாசனை இழுத்திருக்கும். சின்னக் காலு சார். பொம்பளக் காலு மாதிரி கீது."

அளந்தேன். ஆறாம் நம்பர் ஷூ. சட்டைப் பையிலிருந்த குறிப்பேட்டில் எழுதினேன்: நீளம், அகலம், 'ஆறாம் நம்பர்', 'மழைக்குப் பின்'. என் கையெழுத்துதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தடத்தில் இன்னொன்று இருந்தது. கடையில் வாங்கும் ஷூவின் அடியில் கோடுகளும் அலைகளும் இருக்கும். இதில் யாரோ கையால் வெட்டியிருந்தார்கள். ஒரு பாதி வளைவு, அதற்குள் ஒரு புள்ளி, மேலே ஒரு மேடு, கீழே மூன்று கீறல். கடத்துகிறவர்கள் கல்லை அடுக்கியும் கிளையை முறித்தும் வழி காட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் ஒரு சங்கேதம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பது கூடச் சரியில்லை. தோன்ற வேண்டும் என்று விரும்பினேன்.

காளி சிரித்தார். "இப்பத்திப் பசங்க ஷூவுல இன்னா இன்னாவோ பண்ணுதுங்க சார். ஞாயித்துக்கிழம சந்தை மேட்டுல கூடி ஆடுதுங்களே, நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்ததில்லை. அந்த மலையில் மூன்று வருடம் இருந்தேன். மான் எத்தனை, மயில் எத்தனை என்று கணக்கெடுத்தேன். அங்கே இருக்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, காளியும் மற்றக் காவலர்களும் கூட வர, ஜீப்பில் சந்தை மேட்டுக்குப் போனோம். கட்டி முடிக்காத ஒரு கூடத்தின் சிமெண்ட் தளத்தில் நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தார்கள். கையடக்கமான ஒரு ஸ்பீக்கர் பாட்டுப் பாடியது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஷூக்கள்தான். வெள்ளை ஷூக்களின் மேல் பெயிண்டால் வரைந்திருந்தார்கள். ஒருவன் காலில் சாமைக் கதிர், இன்னொருவன் காலில் தேனீக்கள். ஒரு கயிறு சிவப்பு, ஒரு கயிறு மஞ்சள். ஒருவன் ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றி, கால்கள் இரண்டையும் ஆகாயத்தில் சுழற்றிக்கொண்டிருந்தான். சுழலும்போது அவன் ஷூவின் அடிப்பாகம் தெரிந்தது. அதே வளைவு, அதே புள்ளி.

ஸ்பீக்கரை எடுத்து நானே அணைத்தேன்.

"எல்லாரும் காலைத் தூக்கிக் காட்டுங்க."

"இன்னா சார், லாடம் அடிக்கப் போறீங்களா?" என்றாள் ஆடியவர்களில் ஒரு பெண்.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கையை ஊன்றிச் சுழன்றவன் எழுந்து வந்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாப் பாத்துக்கோங்க சார். புடிச்சிருந்தா சொல்லுங்க, உங்களுக்கும் ஒரு ஜோடி போட்டுக் குடுக்கறோம். இது எட்டாம் நம்பர். உங்க காலுக்குப் பத்தாது."

இந்த முறை சந்தை மேடே சிரித்தது. என் டிரைவரும் சிரித்தார்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். எட்டாம் நம்பர் என்று அவன் வாயாலேயே சொன்னான். என் சட்டைப் பையில் ஆறாம் நம்பர் என்று எழுதியிருந்தது. அது சட்டென்று என் மண்டையில் பட்டது. காளிக்கும் பட்டது. என் பக்கத்தில் வந்து, "சார், இது பெரிய காலு சார்" என்று மெதுவாகச் சொன்னார். "நீ சும்மா இரு" என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் என் முன்னால் இருந்தவை மூன்று: திங்கட்கிழமை, இத்தனை பேரின் சிரிப்பு, எட்டாம் நம்பர். மூன்றாவதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் உண்மை. மற்ற இரண்டும் என் பயம்.

"ஏறுடா வண்டில" என்றேன்.

"இன்னாத்துக்கு சார்?"

"விசாரிக்கணும்."

"இங்கியே விசாரிங்க. வண்டி எதுக்கு?" அவன் சிரிப்பு போய்விட்டது. காலைத் தரையில் வைத்தான். "எங்க மாமாவயும் இப்படித்தான் சார், விசாரிக்கணும்னு சொல்லி இட்னு போனாங்க. நாலு வருஷம் கழிச்சுத்தான் வூட்டுக்கு வந்தாரு. வந்து யாரோடவும் பேசறதில்ல."

மலையிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போய், எங்கெங்கோ சிறையில் கிடந்து திரும்பியவர்கள் அங்கே ஊருக்கு நாலு பேர் உண்டு. அந்த வீடுகளில் ஜீப் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து விடுவார்கள். எனக்கு அது தெரியாததல்ல. நான் அவன் தோளைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் பின்னால் இரண்டு அடி வைத்தான். திரும்பி ஓடினான்.

"புடி, விடாத" என்று கத்தியது நான்தான்.

அவன் சாமைக் காட்டில் இறங்கி ஓடினான். எங்கள் ஆட்கள் மூன்று பேர் பின்னால். மேற்கிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. காட்டோரச் சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொண்டு நின்றது, கயிறு அவிழாமல். அதற்கப்பால் ஒரு கால் ஷூத்தடமும் ஒரு கால் வெறுங்கால் தடமுமாகப் போயின. உன்னிச்செடிப் புதர் தாண்டிப் பாறை. பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளம். நாங்கள் புதரைத் தாண்டுவதற்குள் கல் உருளும் சத்தம் கேட்டது. "அம்மா" என்று ஒரு குரல். பாதியில் நின்றுவிட்டது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. கீழே பனி வெள்ளையாக நிரம்பியிருந்தது. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அதில் தெரியவில்லை. மூன்று ஆட்களும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது?

"அவன் பேர் என்ன?" என்று காளியைக் கேட்டேன்.

"வெற்றி, சார். லோடு ஆட்டோ ஓட்றவன். புளி ஏத்திக்கினு திருப்பத்தூர் போவான். அம்மா மட்டும் கீது."

ஒருவனைத் துரத்தச் சொல்லிவிட்டு, அவன் விழுந்த பிறகு பெயர் கேட்டவன் நான். காளி கைகளைக் குவித்து "டேய் வெற்றி, டேய் தம்பி" என்று கூப்பிட்டார். பனி அந்தக் குரலை விழுங்கிக்கொண்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

கயிறும் ஆட்களும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு வந்தேன். டிரைவரிடம் கயிறு கொடுத்து அனுப்பியது உண்மை. ஆனால் நான் திரும்பப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து பேப்பரை எடுத்தேன். சேற்றிலிருந்து எடுத்த அந்த ஷூவைச் சாட்சிப் பொருளாக மேசையில் வைத்தேன். 'விசாரணைக்கு அழைத்தபோது பணியாளரைத் தாக்கிவிட்டுத் தப்பி ஓடினார்' என்று எழுதினேன். கீழே ஒருவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில், செத்திருந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நல்ல தமிழ் வரும். அன்று ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

இரண்டரை மணி இருக்கும். வாசலில் ஆள் சத்தம். சந்தை மேட்டில் ஆடிய மற்ற மூன்று பேரும், கூட இன்னொருத்தியும் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கௌரி என்று பெயர் சொன்னாள். வாரம் முழுவதும் மலைக்குக் கீழே ஒரு ஷூ கம்பெனியில் வேலை, சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையேறி வீட்டுக்கு வருவாள். ஞாயிறு காலை களையெடுக்கப் போயிருந்ததால் சந்தை மேட்டில் இல்லை. காலில் அதே மாதிரி ஷூ. நகக்கண்ணில் பெயிண்ட்.

"வெற்றி எங்க சார்?"

"தேடிக்கிட்டிருக்காங்க."

அவள் மேசைமேல் இருந்த ஷூவைப் பார்த்தாள். "இது நான் வெட்னது. அஞ்சு பேருக்கும் நான்தான் வெட்டிக் குடுத்தேன். இது எதுக்கு இங்க கீது?"

"இதுல இருக்கிற குறிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அப்போதும் நான் கேள்வி கேட்கிறவனாகவே இருக்கப் பார்த்தேன்.

"குறியா?"

விலங்குத் தடம் பழகுவதற்காக அலுவலகத்தின் முன்னால் சலித்த மண்ணைப் பரப்பி வைத்திருப்போம், உங்கள் பயிற்சியிலும் பார்த்திருப்பீர்கள். அவள் விடுவிடுவென்று வெளியே போய், இரண்டு கால்களையும் ஒட்டினாற்போல வைத்து அந்த மண்ணில் குதித்தாள். பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"இப்பப் பாருங்க."

கரடி முகம். இடது காலில் பாதி, வலது காலில் பாதி. வளைவு கன்னம், மேடு காது, புள்ளி கண், மூன்று கீறல் பல். சிரிக்கிற கரடி. நடக்கிறவன் கால்கள் ஒரு நாளும் ஒட்டி விழுவதில்லை. ஆகவே நான் பார்த்ததெல்லாம் பாதிதான். முப்பது வருடம் தடம் பார்த்தவன் நான். இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"எங்க கூட்டத்துக்குக் கரடிக் கூட்டம்னு பேரு. இங்க வரையறதுக்கு செவுரு ஏது சார்? வர்ற வழியெல்லாம் மண்ணுதான். அதான் மண்ணுல போட்டோம்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வெட்டுன மரத்துக்கிட்ட இதே குறிய நீங்க பார்த்திருந்தா, அது என் காலு. நேத்து காலைல குறுக்கு வழில வந்தேன். வாசனை அடிச்சுது, போய் எட்டிப் பார்த்தேன். உங்ககிட்ட வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா உன்னியேதான் புடிப்பாங்கன்னு எங்க அம்மா வுடல. ஆறாம் நம்பரு சார் என் காலு. அவனுது எட்டு. நீங்க அளந்தீங்களா இல்லையா?"

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்போது வயர்லெஸ்ஸில் காளியின் குரல் வந்தது. "சார், சத்தம் கேட்டுச்சு சார். மொனகுறான். ஆள் கீறான். உசுரு கீது சார்."

அந்தப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒரே ஒரு கணம், இவன் பேசுவானே என்று நினைத்தேன். காளி வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் மேசைமேல் இருந்த பேப்பர் போதுமானதாக இருந்திருக்குமே என்று நினைத்தேன். இதை நான் இதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இப்படி ஒரு நினைப்பு எனக்குள் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது. பயம் முற்றினால் மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்று பார்த்தேன். கரடியிடமிருந்து ஓடும்போது இப்படி வந்ததில்லை.

பள்ளத்துக்குப் போனபோது ஊரே கூடியிருந்தது. ஐம்பது, அறுபது பேர். ஒருவரும் என்னோடு பேசவில்லை. கெட்ட வார்த்தை இல்லை, கல் இல்லை. நான் நடக்க வழி மட்டும் விட்டார்கள். அந்த அமைதிக்கு நடுவில் நடந்தபோது, யாராவது ஓங்கி ஒரு அறை விட்டால் தேவலை என்று இருந்தது. தேன் எடுக்கிறவர்கள் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் கயிறு நீளம் போதவில்லை. காளி இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். பனிக்குள் அவர் தலை மறைந்தது. கயிறு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிடித்திருந்தவர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. வெற்றியின் அம்மா பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லாமல், "இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கயிறு ஒருமுறை சட்டென்று தளர்ந்தது. மறுபடி இறுகியது.

வெளிச்சம் போவதற்குள் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்து, பார்க்கக்கூடாத கோணத்தில் கிடந்தது. அவன் கண் திறந்து என்னைப் பார்த்தான். இரண்டு கைகளையும் குவித்தான்.

"சார், நான் ஒண்ணும் பண்ணல சார். சத்தியமா பண்ணல சார்."

காலையில் என் முகத்துக்கு நேரே காலைத் தூக்கிச் சிரித்தவன். அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட இப்போது அந்த முகத்தில் இல்லை.

கௌரி என் பக்கத்தில் வந்து நின்றாள். "சொல்லுங்க சார். இவன் பண்ணலன்னு எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க. ஒரு வார்த்த."

"மொதல்ல ஆஸ்பத்திரி" என்றேன்.

எவ்வளவு சரியான பேச்சு பாருங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. நமது வேலையில் இப்படிச் சரியான பேச்சுகள் நிறைய உண்டு. அவற்றின் பின்னால் ஓர் ஆள் முழுதாக ஒளிந்துகொள்ளலாம்.

ஜீப்பைப் பின்புறமாக எடுத்து வந்தார்கள். கதவு திறந்த சத்தம் கேட்டதும் வெற்றி அலறினான். கால் வலியில் அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், ஜீப்பைப் பார்த்து அலறினான். "வண்டி வேணாம், அதுல ஏத்தாதீங்க, செத்தாலும் வேணாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் ஓட்டும் ஆட்டோ எங்கேயோ நின்றிருந்தது. அதைத் தேடி எடுத்துவர முக்கால் மணி நேரம். புளி மூட்டை ஏற்றும் அந்த லோடு ஆட்டோவின் பின்னால் அவனைப் படுக்க வைத்து, திருப்பத்தூர் வரை அத்தனை வளைவுகளிலும் மெதுவாக இறக்கினார்கள். நான் ஜீப்பில் பின்னால் போனேன். அந்த முக்கால் மணி நேரமும் சேர்ந்துதான் அவன் காலைக் கெடுத்தது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

திங்கட்கிழமை மேலதிகாரி வந்தார். "பேர் இருக்கா?" என்றார். தாக்கினான் என்ற வரியை நான் அடித்துவிட்டிருந்தேன். அதைப் பெரிய நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பெயரைக் கொடுத்தேன். சந்தேக நபர்கள் பதிவேட்டில் வெற்றியின் பெயரும் அப்பா பெயரும் ஊரும் என் கையெழுத்தில் ஏறின. காரணம்: 'அழைத்தபோது ஓடினார்'. குறிப்பேட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து, பாத்ரூமில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மலை இறங்கினார். வெற்றியின் வீட்டிலிருந்து யாரும் என்மேல் புகார் கொடுக்கவில்லை. அவர்கள் பயம் என்னைக் காப்பாற்றியது.

மூன்று மாதம் கழித்து வேறொரு இடத்தில் சந்தனக் கட்டையோடு பிடிபட்டவர்கள், இந்த மரத்தையும் தாங்கள்தான் வெட்டினோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள். அப்போது பதிவேட்டில் ஒரு கோடு போட்டு வெற்றியின் பெயரை அடித்திருக்கலாம். அடித்தால் ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். கேட்டால் கிழித்த பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள்.

போன மாதம் மலைக்குப் போனேன். ஏன் இவ்வளவு வருடம் கழித்து என்று கேட்பீர்கள். என் பேரன் வயதுப் பிள்ளைகள் ஷூவில் எதையாவது வரைந்துகொண்டு போவதைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். அந்தப் பயம் முற்றிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

வெற்றியும் கௌரியும் தகர ஷெட் ஒன்றில் ஷூக்களுக்குப் படம் வரைந்து தருகிறார்கள். போனில் ஆர்டர் வருகிறது, எங்கெங்கோ நகரங்களிலிருந்து. பலகை நிறைய வெள்ளை ஷூக்கள், பாதி வரைந்தவை. ஒன்றில் பச்சோந்தி ஒன்று கயிறு போடும் ஓட்டைகளைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக்கூட அழகாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் வெற்றி எழுந்து நின்றான். கால் மடங்காததால் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உட்காருப்பா" என்றேன்.

"பரவால்ல சார்" என்று நின்றுகொண்டே இருந்தான். "இன்னா சார், திரும்பவும் மரம் போயிடுச்சா?"

"நான் இப்ப வேலையில இல்ல."

"தெரியும் சார். நீங்க போனப்புறம் மூணு ஆபீசரு மாறிட்டாங்க. மூணு பேரும் வந்த மொத வாரமே கூப்பிட்டாங்க. மரம் போனாலும் கூப்பிடறாங்க, போவாட்டியும் கூப்பிடறாங்க. போய் நாள் பூரா உக்காந்துட்டு வர்றேன். கால் மடக்க வராது, பெஞ்சில ஒரு பக்கமா உக்காருவேன். எங்க அம்மா வாசல்லயே நிக்கும், நான் வூட்டுக்கு வர்ற வரைக்கும்."

எனக்கு இது தெரியாது. உண்மையாகவே தெரியாது. பதிவேட்டில் எழுதியது அன்றோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கும், ஆட்கள் மாறுவார்கள் என்பது எனக்கு நினைவில்லாமல் போனது.

கௌரி தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இப்பல்லாம் அடில வெட்றதில்ல சார். மேல மட்டுந்தான் வரையறோம். நாங்க போட்டுக்கற ஷூ அடியையும் வழுவழுன்னு தேய்ச்சுட்டோம். எங்கியும் தடம் வுழக் கூடாதுன்னு."

நான் சொன்னேன். மழைக்குப் பிந்திய தடம், ஆறாம் நம்பர், கிழித்த பக்கம், எல்லாம். வயர்லெஸ் வந்தபோது நினைத்ததையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஷூக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவன் கேட்டான். "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சார் தொரத்துனீங்க?"

"நீ சிரிச்சே" என்றேன். எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன், இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினான், ஏதோ கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி. கௌரி ஒரு பேப்பரையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"இங்க சொல்லிட்டுப் போனா ஆச்சா? எழுதிக் குடுங்க."

எழுதினேன். அந்தப் பேப்பரின் நகல் அவர்களிடம் இருக்கிறது. மூலத்தைத் துறைக்கு அனுப்பிவிட்டேன். என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் அதில் இருக்கிறது. பதில் வரவில்லை. அது எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுவரை அந்தப் பெயர் பதிவேட்டில்தான் இருக்கும். உங்களில் யாரோ ஒருவர் அந்தச் சரகத்துக்குப் போவீர்கள். முதல் வாரத்தில் பதிவேட்டைத் திறப்பீர்கள். என் கையெழுத்தைப் பார்ப்பீர்கள். நிறுத்தி நிதானமாக, அழகாக எழுதியிருப்பேன், நம்பத் தோன்றும்.

அன்று அவனைக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். கால் மடக்க வராது. வீட்டு வாசலில் அவன் அம்மா நிற்பார். விசாரிக்கத்தான் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். கணியம்பாடிப் பக்கம்தான் இருக்கிறேன். எந்த நாள் என்று சொன்னால் போதும், வருகிறேன்.